வயர் அக்காவும் சார்ஜ் ஏறாத காரும்

ஈப்போ சாலைகளில் ஓடும் வண்டிகளில் பாதி, வயர் அக்காவிடம் திட்டு வாங்கியவை. மீதிப் பாதி, இனிமேல் வாங்கப் போகிறவை. இதில் மிகை எதுவும் இல்லை. எட்டு மாதம் அவருடைய பட்டறையில் வேலை பார்த்தவன் நான். கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில், ஒரு சவப்பெட்டிக் கடைக்கும் ஒரு தோசைக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. முன்பு ஒன்று மாட்டி, அதற்கு உள்ளே விளக்கும் போட்டாராம். ஒரு நாள் விளக்கு எரியவில்லை. "வயரிங் கடைப் பலகையிலயே வயரு போச்சா?" என்று ஒரு லாரிக்காரர் சிரித்தார். அக்கா அந்த லாரியைப் பழுது பார்த்துக் கொடுத்தார், பலகையைக் கழற்றி லாரிக்குப் பின்னாலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கும். நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரையும் சந்தித்ததும் இல்லை.

வண்டியில் என்ன கோளாறு என்று நீங்கள் சொன்னால் அக்கா காதில் வாங்க மாட்டார். ஒரு பழைய லாரி பேட்டரி மேல் உட்கார்ந்துகொண்டு, "கோளாற நான் பாத்துக்கிறேன். நீ நேத்து காலையில பசியாறுனதுலேருந்து சொல்லு" என்பார். எங்கே போனீர்கள், எந்தச் சடக்கில் போனீர்கள், அந்தச் சாலையில் பள்ளம் இருந்ததா, யாரை ஏற்றினீர்கள், மழை பெய்ததா, வண்டிக்குள் என்ன சாப்பிட்டீர்கள், எல்லாம் சொல்ல வேண்டும். வண்டிக்காரன் பொய் சொல்வான், வயர் சொல்லாது என்பது அவர் கட்சி.

தாப்பாவிலிருந்து ஒரு டாக்சிக்காரர் மனைவியோடு வந்தார். பின்விளக்கு எரியவில்லை.

"பின்னாடி சாமான் ஏத்துனியா?"

"ஒன்னும் ஏத்தலக்கா. சாமி சத்தியமா."

அக்கா பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வயரில் வரிசையாக மூன்று பொத்தல். அவர் அந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரருக்கு இனிப்புநீரு இருக்கா?"

"இருக்குக்கா. டுரியான் பழத்தக் கையால தொடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"கையால தொடலம்மா. பின்னாடி படுக்க வெச்சிக் கொண்டாந்திருக்காரு. முள்ளு வயருல எறங்கியிருக்கு பாரு."

அவர்கள் கிளம்பும்போது பின்விளக்கு எரிந்தது. முன்சீட்டில் வேறொன்றும் எரிந்தது.

இன்னொரு தடவை ஒரு சீன முதலாளி, பெரிய விலையுள்ள காரை இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எலி வயரைக் கடித்து, பானெட்டுக்குள் குடித்தனமே நடத்தியிருந்தது. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து வயர் முழுவதையும் மாற்றினார். சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு பூனைக்குட்டியையும் கொடுத்தார். முதலாளி வேண்டாம் என்றார். "அப்ப சாவியும் இல்ல" என்றார் அக்கா. முதலாளி இப்போதும் வருடத்துக்கொரு முறை வருகிறார். காரில் ஒரு கோளாறும் இல்லை. பூனையின் படத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டுப் போவார்.

வண்டிகளோடு அக்கா பேசுவதற்கு ஒரு முறை உண்டு. லாரி என்றால் "டேய்". சின்னக் கார் என்றால் "கண்ணு". பேருந்து என்றால் மட்டும் "வாங்க, போங்க". ஏன் என்று கேட்டேன். "அதுல பொதுமக்கள் ஏறுறாங்கடா, மரியாத வேணாமா?" என்றார். என்னை "ஊர்சுத்தி" என்றுதான் கூப்பிடுவார். இரண்டாம் பாரத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கேமரன் மலைக் காய்கறி லாரி, சித்தியவான் பக்கம் மீன்பிடிப் படகு, சிங்கப்பூரில் கட்டட வேலை என்று அலைந்தவனுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். நான் கோபப்பட்டதில்லை.

பட்டறை அவருக்கு வந்த விதமும் சொல்லத்தக்கதுதான். அது அவருடைய கணவரின் பட்டறை. அந்த மனிதர் ஒரு நாள் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு ஒரு வண்டியைக் கொண்டுபோய் விட்டு வருகிறேன் என்று போனார். வண்டி போய்ச் சேர்ந்தது. அவர் திரும்பவில்லை. பட்டறையில் மூன்று கார்கள் பாதி பிரித்த நிலையில் கிடந்தன. மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். அக்காவுக்கு அப்போது ஸ்குரூ டிரைவர் பிடிக்கக்கூடத் தெரியாது. "அழலாம்னுதான் ஒக்காந்தேன். மூனு பேரும் 'எப்ப முடியும், எப்ப முடியும்'னு நச்சரிச்சாங்க. சரி, மொதல்ல இத முடிப்போம், அப்புறமா அழுவலாம்னு ஆரம்பிச்சேன்" என்று ஒரு முறை சொன்னார். மூன்றாவது காரை முடிப்பதற்குள் நாலாவது வந்துவிட்டதாம். அழுவதற்கு அன்றுவரை நேரம் கிடைத்ததில்லை.

பிறகு மின்சாரக் கார்கள் வர ஆரம்பித்தன. தோசைக் கடையில் நுரைபொங்க ஆற்றிய தேநீரான தே தாரேக் குடிப்பவர்கள் எல்லாரும் அக்காவின் கதை முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். "என்ஜின் இல்ல, எண்ணெ இல்ல, இனிமே என்னாத்தப் பாக்கப் போறீங்க?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார்.

"எண்ணெ போனாப் போவட்டும்லா. வயரு போயிருச்சா?" என்றார் அக்கா.

அறுபதை நெருங்கும் வயதில், ஆறு வார இறுதிகள் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் போய் உட்கார்ந்தார். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இருபது வயது. "எலி கடிச்சா என்னாவும்? வெள்ளத்துல நின்னா என்னாவும்? எலி கடிச்ச பிறகு வெள்ளத்துல நின்னா என்னாவும்?" என்று இவர் கேட்ட கேள்விகளில், மலாய்க்கார ஆசிரியர் நாலாவது வாரம் விடுப்பில் போய்விட்டார். முடிவில் சான்றிதழும், முழங்கை வரை நீளும் ரப்பர் கையுறையும், பயிற்சிக்கு வைத்திருந்து கழித்துப்போட்ட ஒரு சார்ஜ் வாயுமாக, அதாவது காரில் சார்ஜ் வயரைச் செருகும் துளைப்பகுதியுமாகத் திரும்பி வந்தார். மின்சாரக் காரில் உயரழுத்த மின்சாரம் ஓடும் ஆரஞ்சு வயரைக் கையுறை இல்லாமல் தொட்டால் எமன் கதவைத் தட்ட மாட்டான், நேராக உள்ளே வருவான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வாரம் தோசையைக்கூடக் கையுறையோடு சாப்பிட்டார்.

இனி நான் சொல்ல வந்த சம்பவம்.

பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில் ஆறாங்கட்டையில், அதாவது ஆறாவது மைலில், ஒரு பழைய தோட்டம் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்துவிட்டது. மாரியம்மன் கோயிலும் அதைச் சுற்றி இருபது குடும்பங்களும் மட்டும் மிச்சம். அக்காவின் பட்டறை வேலையை விட்டுவிட்டு, அதில் ஒரு வீட்டில் அப்போது நான் ஒண்டிக்கொண்டிருந்தேன். அங்கே மூன்று பேருக்குச் சிறுநீரகம் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள், காலை முதல் சுற்றுக்கு, ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்யப் போக வேண்டும். அழைத்துப்போன வேன்காரர் மகனோடு ஜொகூருக்குக் குடிபோய்விட்டார். விடியுமுன் அந்த இடத்துக்கு வாடகைக் கார் எதுவும் வராது. மூன்று பேரில் ஒருவரான லெட்சுமி அக்கா முப்பது வருடம் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். அவர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை போக முடியாமல், நுரையீரலில் நீர் கோத்து, அவசர ஊர்தியில் போனார். "இன்னொரு தடவ விட்டா எங்க கையில இல்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோயில் செயலாளர் முனியாண்டி அண்ணன்தான் இதற்கு ஒரு வழி கண்டார். பூசாரியும் அவர்தான், மணி அடிப்பவரும் அவர்தான். வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, கோலாலம்பூரில் ஒரு பழைய மின்சாரக் காரை வாங்கினார். பெட்ரோல் வேன் வாங்குவோம் என்று சண்டை போட்டவர்களை ஒற்றை ஆளாக நின்று அடக்கினார். சார்ஜ் போட கோயில் மண்டபத்துச் சுவரில் ஒரு பெட்டியும் மாட்டியாகிவிட்டது. ஓட்டுவதற்கு என்னைப் பிடித்தார்கள். உரிமம் உண்டு, கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கார் வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கியது. திங்கட்கிழமை முதல் ஓட்டம். சனிக்கிழமை காலை சார்ஜ் வயரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. எடுத்துச் செருகினேன். திட்டிச் செருகினேன். கும்பிட்டுச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. முனியாண்டி அண்ணனும் நானும் ஈப்போவுக்குப் போய், பேரங்காடி ஒன்றில் விரைவு சார்ஜரில் போட்டோம். ஏறவில்லை. இன்னொரு இடம், அங்கேயும் இல்லை. அடுத்ததிலும் அதே கதை. இப்படி சார்ஜ் தேடி அலைந்தே இருந்த சார்ஜைக் கரைத்தோம். ஒரு பட்டறையில் கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, சார்ஜ் வாயை முழுதாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

"ஆறு வாரமா?" என்றார் முனியாண்டி அண்ணன். அதற்குப் பிறகு வழி முழுக்க அவர் திரையிலேயே கண்ணை வைத்திருந்தார். அது பதிமூன்று சதவீதம் காட்டியது.

ஞாயிறு பகல், மிச்சமிருந்த பதிமூன்றை நம்பி, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, வேர்வையில் நனைந்தபடி, திட்டுக்குப் பயந்து நான் கடைசிவரை தள்ளிப்போட்ட புந்தோங் பட்டறையில் போய் நின்றபோது மிச்சம் ஒன்பது. வயர் அக்கா கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து பூனைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, காடிக்கு சார்ஜ் ஏறல."

"அதக் காடி சொல்லும். நீ பசியாறுனதுலேருந்து சொல்லு, ஊர்சுத்தி."

சொன்னேன். நாளைக் காலை ஐந்தரைக்கு யார் யார் காரில் ஏற வேண்டும் என்பதையும் சொன்னேன். அக்கா பூனையைக் கீழே விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நாலு எடத்துலயும் ஏறலயா? அப்ப குடுக்குற கை நல்லாத்தான் இருக்கு. வாங்குற வாயிலதான் கோளாறு. கழுவறப்ப கொழாத் தண்ணிய உள்ள பீச்சுனியா?"

"இல்லக்கா."

"மழயில தொறந்து போட்டீங்களா?"

"இல்ல."

"யாராச்சும் குச்சிய விட்டு நோண்டுனீங்களா?"

"அதெல்லாம் யாருக்கா நோண்டப் போறா?"

முனியாண்டி அண்ணன் சவப்பெட்டிக் கடையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சார்ஜ் மூடியைத் திறந்து, கைவிளக்கை அடித்து எனக்கும் காட்டினார். மேலே ஏழு துளை, கீழே இரண்டு பெரிய துளை.

"இந்தப் பெருசுங்க சோறு எறங்குற வழி. மேல பொடியா ரெண்டு இருக்கு பாரு, அது பேசுற வழி. காடியும் சார்ஜரும் 'நீ யாரு, ஒனக்கு எவ்ளோ வேணும்'னு அதுலதான் பேசிக்கும். பேச்சு முடியாம சோறு எறங்காது. அந்தப் பட்டறையில என்னா சொன்னாங்க?"

"கம்ப்யூட்டரு பேச்சு வரலன்னு காட்டுச்சாம்."

"உள்ள பாத்தானா?"

"பாத்தான். மஞ்சளா அப்பியிருக்கே என்னான்னு கேட்டேன். ஃபேக்டரி கிரீஸுன்னான்."

அக்கா மூக்கைத் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மோந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தார்.

"எந்த ஊரு ஃபேக்டரிடா ஜவ்வாது போட்டு கிரீஸ் செய்றான்?"

நாங்கள் இரண்டு பேரும் முனியாண்டி அண்ணனைப் பார்த்தோம்.

"அண்ணே, பூச போட்டீங்களா?"

"புதுக் காடிக்குப் பூச போடாம எடுப்பாங்களாம்மா?" என்றார் அவர் கம்பீரமாக. வெள்ளி மாலை நான் காருக்குப் பாய் வாங்கப் போயிருந்த நேரத்தில் பூசை முடிந்துவிட்டது. எனக்கு விவரம் தெரியாது.

"எங்கெங்க பொட்டு வெச்சீங்க?"

"ஸ்டேரிங்குக்கு வெச்சேன். நாலு டயருக்கு வெச்சேன். அப்புறம் என்ஜினுக்கு வெப்போம்னு பானெட்டத் தொறந்தேன். என்ஜினக் காணோம்! ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கு. அதுக்குப் பொட்டு வெக்க மனசு வரலம்மா. அப்புறம் இதுக்கு உசுரு எங்கேருந்துதான் வருதுன்னு தேடிப் பாத்து, இந்த மூடியத் தொறந்தேன். ஒன்பது ஓட்ட!" இரண்டு கையையும் விரித்தார். "எண்ணிப் பாரும்மா. ஒன்பது! நவக்கிரகம்! செஞ்சவன் எந்த நாட்டுக்காரனோ, சும்மாவா ஒன்பது வெச்சான்?"

"ஒன்பதுக்கும் வெச்சீங்களா?"

"ஒன்ன வுட்டா அவரு கோவிச்சுக்க மாட்டாரா? சந்தனத்துல ஜவ்வாது போட்டு, பன்னீருல கொழச்சி, கட்டியா, நல்லா உள்ள எறங்குற மாதிரி..."

வயர் அக்கா எழுந்து நின்றார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அந்தத் திட்டை அச்சில் ஏற்ற முடியாது. அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பூனைகள் கலைந்தன. ஆனால் கவனித்தேன், திட்டு முழுவதும் காரைப் பார்த்துத்தான். முனியாண்டி அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு வேலையை ஆரம்பித்தார். காரை அணைத்தார். சின்ன பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். கையுறையை மாட்டி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் அடங்கட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் சும்மா நின்றார். மின்முனைகளைச் சுத்தம் செய்யும் மருந்தை உள்ளே அடித்து, நைலான் தூரிகையால் ஒவ்வொரு துளையாகக் கழுவினார். சந்தனம் மஞ்சள் மஞ்சளாக வடிந்தது. பட்டறை முழுவதும் கோயில் வாசனை. காய வைத்து, மறுபடி இணைப்புக் கொடுத்து, காரோடு வந்த சார்ஜ் வயரைப் பட்டறைச் சுவர் பிளக்கில் மாட்டி, மறுமுனையைக் காரில் செருகினார்.

விளக்கு ஒரு தரம் மினுக்கி அணைந்தது.

முனியாண்டி அண்ணன் அஞ்சடியில் அப்படியே குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஊருல எல்லாரும் வேன் வாங்கச் சொன்னாங்க. நாந்தான் கேக்கல. லெட்சுமிக்கு ஏதாச்சும் ஆனா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மணி அடிப்பேன்?" என்றார்.

அக்கா செருகியை உருவி மறுபடி செருகினார். காதை வைத்துக் கேட்டார்.

"டக்குன்னு பூட்டு விழணும். விழல. முழுசா உள்ள போவலடா."

அலமாரியிலிருந்து அந்தப் பயிற்சி நிலையத்து சார்ஜ் வாயை எடுத்து வந்தார். செருகியை அதில் முழுதாக ஏற்றி, விளிம்பில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அதே செருகியைக் காரில் ஏற்றினார். கோடு வெளியே தெரிந்தது. நகக்கண் அளவுகூட இல்லை. ஆனாலும் தெரிந்தது.

அக்கா மெதுவாகத் திரும்பினார். "அண்ணே. இன்னும் என்னமோ ஒன்ன மென்னு முழுங்குறீங்க."

முனியாண்டி அண்ணன் தரையைப் பார்த்தார். "சனீஸ்வரனுக்கு மட்டும்..."

"மட்டும்?"

"எள்ளு. ரெண்டே ரெண்டு எள்ளும்மா."

"எந்த ஓட்டையில?"

"பொடியா இருந்துச்சே, அதுல ஒன்னு. எள்ளும் பொடிசு, ஓட்டையும் பொடிசு, பாந்தமா இருந்துச்சு. சந்தனத்தத் தொட்டு ஒட்டுனேன்."

மறுபடியும் சின்ன பேட்டரி இணைப்பு, மறுபடியும் கையுறை, மறுபடியும் பத்து நிமிடம். அக்கா துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியைப் பிளேடால் இரண்டாகப் பிளந்து, சின்னக் கவைபோல் ஆக்கினார். உள்ளே விடப் போகும் நேரத்தில் முனியாண்டி அண்ணன் எழுந்து வந்து குறுக்கே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"வேணாம்மா. நோயாளிங்க மூனு பேரு ஏறுற காடி. மத்தவங்களக் கழுவிட்ட, நான் வாயத் தெறக்கல. சனீஸ்வரனக் கெளப்பி வுட்டுட்டு, நாளைக்கி அந்தப் புள்ளைங்கள எப்படிம்மா ஏத்துவேன்?"

லெட்சுமி அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. முனியாண்டி அண்ணனுக்கு அவரும் புள்ளைதான்.

இங்கே வயர் அக்கா வெடிப்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கையுறையைக் கழற்றினார். குரல் வேறு மாதிரி வந்தது.

"யாரு அவரப் போவச் சொன்னா? தாராளமா வரட்டும். ஆனா வாயில ஒக்காந்துக்கிட்டா காடி எப்படிண்ணே சாப்புடும்? ஒன்பது பேரையும் முன்னாடி கண்ணாடிக்குக் கீழ வரிசையா ஒக்கார வெப்போம். சடக்கப் பாத்துக்கிட்டே வரட்டும். பின்னாடி அடச்சிப் போட்டா அவங்களுக்கு மட்டும் மூச்சு முட்டாதா?"

முனியாண்டி அண்ணன் எட்டி முன்கண்ணாடியைப் பார்த்தார். "முன்னாடியா?" என்றார். "முன் சீட்டுதான்" என்றார் அக்கா. அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.

கையுறை மறுபடி ஏறியது, ஈர்க்கு உள்ளே போனது. முதல் எள் வந்தது. இரண்டாவது, ஒட்டிக்கொண்டு அடம் பிடித்து, கடைசியில் வந்தது. அக்கா இரண்டையும் சுத்தமான ஒரு தாளில் வைத்து நீட்டினார். முனியாண்டி அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பேட்டரி இணைப்பைக் கொடுத்துவிட்டுச் செருகினார் அக்கா. டக் என்றது. பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை. நாங்கள் மூன்று பேரும் திரையின் முன் குந்தி, அந்த ஒன்பது எப்போது பத்தாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் பிளக்கிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறியது. பத்து ஆனதும் அக்கா காரின் முதுகில் தட்டினார்.

"அப்படிச் சாப்புடு கண்ணு!"

அதோடு விடவில்லை. முந்தின நாள் கைவிட்ட அதே பேரங்காடி விரைவு சார்ஜருக்குப் போக வேண்டும், தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முழங்கை வரை கையுறை மாட்டிய ஓர் அம்மாள், காரின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "ம், நிறுத்தாத, ம்" என்று அதட்டிக்கொண்டிருந்ததை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. எண்பதுக்கு வந்ததும்தான் வீட்டுக்குப் போக உத்தரவு கிடைத்தது.

திங்கள் காலை ஐந்தரைக்கு லெட்சுமி அக்கா பையும் போர்வையுமாக வாசலில் நின்றார். மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள். முனியாண்டி அண்ணன் கற்பூரம் காட்டினார், காருக்கு எட்ட நின்று. கண்ணாடிக்குக் கீழே ஒன்பது சந்தனப் பொட்டு வரிசையாக இருந்தது. ஒன்றில் இரண்டு எள்.

தோட்டத்துச் சாலையைத் தாண்டியதிலிருந்து பின்னால் ஒற்றை விளக்கு வந்துகொண்டே இருந்தது. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. வழிப்பறிக்காரனோ என்று எனக்குக் கொஞ்சம் பயம்தான். டயாலிசிஸ் நிலையத்து வாசலில் நிறுத்தியதும் அந்த மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றினார் வயர் அக்கா. கூடையில் அந்தச் சார்ஜ் வாய், மருந்துப் புட்டி, ஒரு கட்டு ஈர்க்கு.

"எங்கக்கா இந்தப் பக்கம்?"

"ஒரு வேல இருந்துச்சுலா" என்றார். புந்தோங்கிலிருந்து விடியுமுன் ஆறாங்கட்டைக்கு வந்து, திரும்ப ஈப்போவுக்குப் போகிற வேலை. "நீ என்னா இப்படி ஓட்டுற? திருப்பத்துல மெதுவாப் போவ மாட்ட?"

நான்கு மணி நேரம் அவர் போகவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரண்டு முறை சார்ஜ் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பத்தரை மணிவாக்கில் லெட்சுமி அக்கா கையில் பஞ்சுக் கட்டோடு, மெதுவாக நடந்து வெளியே வந்தார். வயர் அக்கா தோசைப் பொட்டலத்தை நீட்டினார். அவர்கள் அதற்கு முன் பார்த்துக்கொண்டதில்லை. நான்தான் இவர் யார் என்று சொன்னேன்.

"நீதானா அது?" என்றார் லெட்சுமி அக்கா. "படுத்தா மூச்சு முட்டுதுன்னு ரெண்டு மாசமா ஒக்காந்தேதான் இருந்தேன்மா. இன்னிக்கிக் காடியில சத்தமும் இல்ல, ஆட்டமும் இல்ல. கெளம்புனதும் தெரியல, வந்ததும் தெரியல. நல்லாத் தூங்கிட்டேன்."

வயர் அக்கா டயரில் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டு, காரின் மறுபக்கம் போய்க் குனிந்தவர், வெகுநேரம் நிமிரவே இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை; இத்தனை வருடம் கழித்து அவருக்குக் கிடைத்த நேரத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. எல்லாரையும் வீட்டில் இறக்கிவிட்ட பிறகு நாலு டயரையும் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு கோளாறும் இல்லை.